பிராயமும் பிழைப்பும்

ஒருவனுக்கு வேலை கொடுப்பதற்கு முன் அவன் பிறந்த ஆண்டையும் மாதத்தையும் தேதியையும் விசாரித்து எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் தேசத்தில் மிகப் பழையதன்று. நாழிகை விநாடி வரை குறித்து வைத்த ஜாதகங்கள் பல குடும்பங்களில் இருந்தன; ஆனால் அந்தக் குறிப்பு விவாகப் பொருத்தம் பார்க்கவும் தசாபுத்தி கணிக்கவும் பயன்பட்டதேயன்றி, ஏர் பிடிக்கவோ தறிக்குழியில் இறங்கவோ மண்டியில் கணக்கெழுதவோ ஒருவன் தகுதியுடையவனா என்று தீர்மானிக்க எவரும் அதைக் கேட்டதில்லை. கன்றுகாலி ஓட்டும் பருவத்தில் தொடங்கிய உழைப்பு கை தளரும் வரை நடந்தது. இன்ன வயதுக்கு முன் கூடாது, இன்ன வயதுக்குமேல் கூடாது என்ற கோடு எங்கும் கிழிக்கப்படவில்லை. அந்தக் கோட்டை முதலில் கிழித்தது ஆங்கிலேய சர்க்கார். உத்தியோகம், ஆலை என்னும் இரண்டு வாசல்களில் அவர்கள் அதைக் கிழித்தார்கள். அதன்பின் பள்ளிக்கூடத்திலும் வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் ஓய்வூதியச் சட்டத்திலும் புதிய கோடுகள் விழுந்தன. இந்தியாவில் வேலையின்றி இருப்போரில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவர்கள் இளைஞர்கள் என்று இன்றைய புள்ளிவிவரம் கூறும்போது, ஒன்றரை நூற்றாண்டாக ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த அந்தக் கோடுகளின் சரித்திரத்தை அறியாமல் அதன் பொருளை நாம் முழுமையாக உணர்ந்துகொள்ள முடியாது.

உத்தியோகத்தின் வாசலை முதலில் பார்ப்போம். 1853-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் சிவில் சர்வீஸ் பதவிகள் போட்டித் தேர்வுக்குத் திறந்துவிடப்பட்டன. 1855-ல் லண்டனில் முதல் தேர்வு நடந்தது. 23 என்றிருந்த உச்ச வயது சில ஆண்டுகளில் 22 ஆகவும் பிறகு 21 ஆகவும் இறங்கியது. 1869-ல் நான்கு இந்தியர்கள் தேறினார்கள்; அவர்களில் ஒருவராகிய சுரேந்திரநாத் பானர்ஜி, வயதைத் தவறாகக் கூறினார் என்ற குற்றச்சாட்டின்மேல் விலக்கப்பட்டார். கல்கத்தா சர்வகலாசாலையின் பிரவேசப் பரீட்சைக்கு எழுதிக் கொடுத்த வயதையும் லண்டனில் கொடுத்த வயதையும் ஒப்பிட்டால் ஓராண்டு இடித்தது. நம்மவர் வழக்கப்படி முடிந்த ஆண்டைச் சொல்லாமல் நடக்கிற ஆண்டைச் சொன்னதே அந்த வேற்றுமைக்குக் காரணம். பதினைந்து முடிந்து பதினாறு நடக்கும் பையனைப் பதினாறு என்று சொல்வது வங்காளத்திலும் தமிழ்நாட்டிலும் சகஜம். லண்டன் அதிகாரிகளுக்கு அது மோசடியாகப் பட்டது. பானர்ஜி நீதிமன்றம் வரை சென்று தம் உரிமையை மீட்டுக்கொண்டு, 1871-ல் சில்ஹெட்டில் உதவி மாஜிஸ்டிரேட்டாக அமர்ந்தார். சில ஆண்டுகளுக்குள் வேறொரு காரணம் காட்டி அப்பதவியிலிருந்தும் அவரை நீக்கிவிட்டார்கள்.

இந்த ஒரு மனிதருடைய வழக்கு தேசத்தின் வழக்காக மாறியதற்கு, சாலிஸ்பரி பிரபு இந்தியா மந்திரியாக இருந்த காலத்தில் உச்ச வயது 21-லிருந்து 19-க்குக் குறைக்கப்பட்டதே காரணமாயிற்று. பதினேழு, பதினெட்டு வயதுப் பையனைக் கடல் கடத்தி அனுப்பி, அந்நிய பாஷையில் அந்நாட்டுப் பிள்ளைகளோடு போட்டியிடச் செய்ய எத்தனை இந்தியக் குடும்பங்களால் முடியும்? கதவு திறந்திருக்கிறது என்று சட்டம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வயது வரம்பு அதைச் சாத்திவிட்டது. 1877-லும் 1878-லும் பானர்ஜி வட இந்தியாவிலும் பின்னர் பம்பாய், சென்னை மாகாணங்களிலும் சுற்றுப்பிரயாணம் செய்து கூட்டங்கள் நடத்தினார். லால்மோகன் கோஷ் மகஜரை எடுத்துக்கொண்டு இங்கிலாந்து சென்றார். லாகூர் முதல் சென்னை வரை படித்த மக்கள் ஒரே கோரிக்கையை ஒரே குரலில் எழுப்பியது அதுதான் முதல் தடவை. 1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸும் வரம்பை 23-க்கு உயர்த்தவேண்டும் என்று தீர்மானம் செய்தது; 1892-ல் சர்க்கார் இணங்கியது. நம்முடைய தேசிய இயக்கத்தின் ஆரம்ப அத்தியாயத்தில் உத்தியோக வயது இவ்வளவு பெரிய ஸ்தானம் வகித்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர்.

ஆலையின் வாசலில் கோடு வேறு நோக்கத்துடன் கிழிக்கப்பட்டது. ரிப்பன் பிரபு வைசிராயாக இருந்தபோது வந்த 1881-ஆம் ஆண்டு ஆலைச் சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையை வேலைக்கு வைக்கலாகாது என்றும், ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களை நாளொன்றுக்கு ஒன்பது மணிக்குமேல் வேலை வாங்கலாகாது என்றும் விதித்தது. ஏழு வயதுக் குழந்தைக்கு ஒன்பது மணி நேரம் என்பதைக் கருணை என்று எண்ணிச் சட்டமாக்க நேர்ந்தது என்றால், அதற்கு முன் பம்பாய் ஆலைகளில் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அச்சட்டத்தின் பின்னணியில் ஜீவகாருண்யத்தோடு, மலிவான இந்தியத் துணி தங்கள் வியாபாரத்தைக் கெடுக்குமோ என்ற லங்காஷயர் முதலாளிகளின் கவலையும் கலந்திருந்தது. 1891-ல் கீழ்வரம்பு ஒன்பது வயதாயிற்று, 1922-ல் பன்னிரண்டு, சுதந்திரத்தின் பின் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதினான்கு, அரசியல் சாசனத்தின் 24-ஆம் விதி அதையே அடிப்படை உரிமையாக்கியது. பிறப்புப் பதிவு பெரும்பாலோருக்கு இல்லாத தேசத்தில் குழந்தையின் வயதை யார் அறிவது? வைத்தியர் உடலைப் பார்த்து மதிப்பிட்டுச் சான்று கொடுத்தார். வீட்டில் உலை கொதிப்பதற்குப் பிள்ளையின் கூலியை எதிர்பார்த்திருந்த தாய் தந்தையர் வயதைக் கூட்டிச் சொன்னார்கள்.

அன்றியும், சட்டம் ஆலையின் சுற்றுச்சுவருக்குள் நின்றது. 1929 முதல் 1931 வரை தொழிலாளர் நிலையைத் தேசமெங்கும் விசாரணை செய்த விட்லி கமிஷன், பீடி சுற்றும் கொட்டகைகளிலும் கம்பளம் நெய்யும் கூடங்களிலும் ஐந்து வயதுக் குழந்தைகளைக் கண்டதாக எழுதி வைத்திருக்கிறது. நம் சிவகாசி வட்டாரத்தில் 1920-களில் தோன்றி வளர்ந்த தீப்பெட்டித் தொழில், மானாவாரி பூமியில் பஞ்சத்தோடு போராடிய ஜனங்களுக்கு ஜீவனம் கொடுத்தது என்பதும், பல்லாயிரம் குழந்தைகளின் பால்யத்தை அதற்கு விலையாக வாங்கியது என்பதும் ஒருங்கே உண்மை. விடியுமுன் கிராமம் கிராமமாக வண்டி வந்து சிறுமியரை ஏற்றிச் செல்வதும் இருட்டியபின் கொண்டுவந்து இறக்குவதும் 1980-கள் வரை கண்கூடான காட்சி. 1996-ல் உச்சநீதிமன்றம் இத்தொழிலைக் குறித்த வழக்கில், சட்டவிரோதமாக வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2001-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி ஐந்து முதல் பதினான்கு வயது வரை உழைத்த குழந்தைகள் ஏறத்தாழ 1 கோடியே 26 லட்சம். 2011-ல் அது சுமார் 1 கோடியாகக் குறைந்தது. இன்னும் அது பெரிய அவமானமே. ஆயினும் நூறாண்டுப் போக்கைப் பார்த்தால், வயல்வெளியிலும் பட்டறையிலும் இருந்த குழந்தை மெல்ல மெல்லப் பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டது என்பதே இந்நாட்டின் உழைப்புச் சரித்திரத்தில் மிகப் பெரிய மாறுதல். காமராஜ் ஆட்சியில் 1956-ல் தொடங்கிய மதிய உணவு, அந்த மாறுதலைச் சட்டத்தைவிட வேகமாகச் செய்து காட்டியது. ஒரு வேளைச் சோறு ஒரு வேளைக் கூலிக்கு ஈடாக நின்றது.

பள்ளிக்கூடத்தில் காலெடுத்து வைத்த குழந்தைக்கு அங்கேயே ஒரு வயதும் கொடுக்கப்பட்டது. வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி, விரல் எட்டினால் ஐந்து வயது நிரம்பிவிட்டது என்று தலைமையாசிரியர் முடிவு செய்வார். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டி ஒரு தேதியை அவரே ரிஜிஸ்தரில் எழுதிக்கொள்வார். ஒரு தலைமுறைத் தமிழர் பலருக்குச் சர்க்கார் கணக்கில் பிறந்த நாள் ஜூன் மாதத்தில் வருவதற்கு வேறு ரகசியம் ஒன்றுமில்லை. பத்து ஆண்டு கழித்து எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகத்தில் ஏறிய அந்தத் தேதிதான் அவனுடைய உத்தியோகப் பிரவேசத்தையும் பதவி உயர்வையும் ஓய்வையும் நிர்ணயித்தது. ஆசிரியர் அன்று கைபோன போக்கில் எழுதிய ஓராண்டு, ஒருவனுக்கு நாற்பது ஆண்டுக்குப் பிறகு ஓராண்டுச் சம்பளமாகவோ ஓராண்டு நஷ்டமாகவோ வந்து நின்றது.

படிப்பு பெருகியதும் ஒரு புதிய துன்பம் தோன்றியது. முற்காலத்தில் பஞ்சம் வந்தால் எல்லாப் பிராயத்தினரும் சேர்ந்து பட்டினி கிடந்தார்கள். விளைந்தால் சேர்ந்து உழைத்தார்கள். ஒரு குறிப்பிட்ட பிராயத்தினர் மட்டும், உடலில் வலுவும் கையில் சான்றிதழும் இருக்க, செய்ய வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பது என்பது முதலாம் உலக யுத்தத்தின் பின் நம் நாடு கண்ட நூதனம். வங்காளத்தில் 1920-களின் தொடக்கத்திலேயே இதைப்பற்றிய விசாரணை நடந்தது. சென்னை மாகாணத்தில் படித்த மத்தியதர வகுப்பாரின் வேலையின்மையை ஆராய 1926-ல் ஒரு கமிட்டி அமைத்தார்கள். திருவிதாங்கூர் சமஸ்தானமும் 1928-ல் அவ்வாறே செய்தது. சென்னை மாகாணம் 1929-ல், மற்ற மாகாணங்களுக்கெல்லாம் முன்னதாக, தன் சட்டசபையின் சட்டத்தினாலேயே ஒரு சர்வீஸ் கமிஷனை நிறுவியதும் இதே காலம். பிறகு உலக மந்தம் வந்தது. தானிய விலை விழுந்தது. நிலத்தை நம்பிப் பையனைக் காலேஜுக்கு அனுப்பிய மிராசுதார் கடனில் விழுந்தார். சர்க்கார் ஆட்குறைப்புச் செய்தது. ஐக்கிய மாகாணத்தில் சர் தேஜ் பகதூர் சாப்ரு தலைமையில் 1934-35-ல் வேலையின்மையை ஆராய்ந்த கமிட்டி, வக்கீல் தொழிலில் தேவைக்கு மிஞ்சிக் கூட்டம் சேர்ந்துவிட்டதையும், பரீட்சையில் தேறிய இளைஞன் சர்க்கார் வேலை ஒன்றையே நாடி நிற்பதையும் விவரித்தது. அந்த அறிக்கையின் கவலை இன்று வரை தீரவில்லை என்பது வருத்தத்துக்குரிய உண்மை.

வேலையின்மையைச் சமாளிக்க ஒரு நிரந்தர ஸ்தாபனம் வந்தது யுத்தத்தினால். இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில் இந்தியச் சேனையில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருந்தார்கள். பர்மாக் காட்டிலும் இத்தாலி மலைகளிலும் ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் போரிட்டுத் திரும்பிய வாலிபர்களுக்கு, துப்பாக்கியையும் உடுப்பையும் வாங்கிக்கொண்டபின் என்ன ஜீவனம் காட்டுவது என்ற பிரச்னைக்காக 1945 ஜூலையில் புனர்வாழ்வு, வேலைவாய்ப்பு இலாகா ஏற்பட்டு, அதன் கீழ் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சுகள் திறக்கப்பட்டன. படையிலிருந்து விடுபட்டவர்களுக்கும் யுத்த உற்பத்திச் சாலைகளிலிருந்து நீங்கியவர்களுக்கும் மட்டுமே அவை உரியவையாக இருந்தன. இரண்டு ஆண்டுக்குள் தேசம் பிளந்தது. பஞ்சாபிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வீடு வாசல் இழந்து வந்தவர்கள் அந்த ஜன்னல்களுக்கு முன் வரிசையாக நின்றார்கள். 1948-ன் தொடக்கத்தில், வேலை தேடும் எவரும் பதிந்துகொள்ளலாம் என்று அவை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. போர்வீரனுக்கென்று ஏற்பட்ட அலுவலகம் அகதியைத் தாங்கி, பின்னர் பரீட்சையில் தேறிய ஒவ்வொரு பையனுக்கும் பெண்ணுக்கும் உரிய ஸ்தலமாகிவிட்டது. பி. சிவராவ் தலைமையில் அமைந்த கமிட்டி 1954-ல் தந்த சிபாரிசின்படி, அவற்றின் அன்றாட நிர்வாகம் 1956 நவம்பர் 1-ஆம் தேதி, மொழிவாரி மாநிலங்கள் பிறந்த அதே நாளில், மாநிலங்களின் கைக்கு வந்தது.

1959-ஆம் ஆண்டுச் சட்டம், சர்க்கார் நிறுவனங்களும் இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் தங்களிடம் ஏற்படும் காலியிடங்களை இந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. ஆனால் அலுவலகம் அனுப்பும் ஆளை எடுத்துக்கொள்ளவேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. இந்தச் சிறு இடைவெளியை அக்காலத்தில் பலர் பொருட்படுத்தவில்லை. முதலாளி தெரிவிப்பார், அலுவலகம் பெயர்களை அனுப்பும், முதலாளி தமக்கு வேண்டியவரை வேறு வழியில் எடுத்துக்கொள்வார். ஆகவே பதிவேட்டில் பெயர் ஏறும் வேகத்துக்கும் இறங்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லாமற் போயிற்று. தனியார் வேலை கைநழுவியபின் எஞ்சியது சர்க்கார் வேலை ஒன்றே; அதற்கு ஆசிரியர், அலுவலகச் சிப்பந்தி போன்ற பதவிகளில் தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் பதிவு மூப்பே பிரமாணமாக இருந்தது.

பதிவு மூப்பு என்பது எத்தனை குடும்பங்களின் நம்பிக்கையைச் சுமந்தது என்பதைத் தமிழ்நாட்டில் 1960 முதல் 2010 வரை வளர்ந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்ததும் மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறி, விடியற்காலையிலேயே வரிசையில் நின்று, பெயரைப் பதிந்து, அட்டை வாங்கி வருவது வயதுக்கு வந்ததற்கு அடையாளமாகவே இருந்தது. மேல்படிப்பு முடிந்தால் அதையும் சேர்க்கவேண்டும். தொழிற்கல்வியும் முதுநிலைப் பட்டமும் உடையவர்கள் சென்னைச் சாந்தோமுக்குப் போகவேண்டியிருந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். புதுப்பிக்க மறந்தால் அத்தனை ஆண்டு மூப்பும் அழிந்துவிடும். தவறவிட்டவர்களுக்குச் சர்க்கார் அவ்வப்போது சலுகை அறிவிப்பதும் அதனாலேயே. இருபது வயதில் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பதிந்து, நாற்பதைக் கடந்தபின் அழைப்புக் கடிதம் கைக்கு வந்தவர்கள் உண்டு. அவர்களுக்குக் கிடைத்த பணிக்காலம் பதினைந்து ஆண்டோ பதினெட்டு ஆண்டோ. காத்திருந்த காலம் அதைவிட அதிகம். தமிழ்நாட்டு அலுவலகங்கள் வெளியிடும் விவரத்தில் பதிவுதாரரைப் பிராயவாரியாகப் பிரித்துக் காட்டுகிறார்கள்: பதினெட்டுக்குட்பட்ட பள்ளி மாணவர் ஒரு முனையிலும், அறுபதைக் கடந்தவர் மறுமுனையிலும் நிற்கிறார்கள். சர்க்கார் ஊழியர் ஓய்வு பெறும் வயதைத் தாண்டியவர்கள் இன்னும் வேலை தேடுவோராகப் பதிவேட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதைப் படிக்கும்போது, அது வெறும் பெயர் நீக்காத பிழை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு காலத்தில் அந்தப் பெயரை நம்பிக்கையோடு ஒரு வாலிபன் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

இனி, எண்ணும் விதத்தைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஏனெனில் எண்ணத் தெரியாமல் இருந்த காலத்தில் பிராயவேற்றுமை எவர் கண்ணுக்கும் படவில்லை. 1951-ல் ஆர். ஏ. கோபாலஸ்வாமியின் தலைமையில் எடுத்த ஜனத்தொகைக் கணக்கு, தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்பவர், சம்பாதித்தும் பிறரைச் சார்ந்திருப்பவர், சம்பாத்தியமின்றிச் சார்ந்திருப்பவர் என்று மக்களை மூன்றாகப் பகுத்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கும்போது வேலையில்லாதோர் 53 லட்சம் என்றும், மூன்றாவது திட்டம் தொடங்கும்போது 90 லட்சம் என்றும் மதிப்பிட்டார்கள். ஒவ்வொரு திட்டமும் வேலை கொடுத்தபின்னும் தொகை கூடிக்கொண்டே போனதால், மதிப்பிடும் முறையின்மேலேயே சந்தேகம் பிறந்தது. ஸ்வீடன் நாட்டுப் பேரறிஞர் குன்னார் மிர்தால் 1968-ல் வெளியிட்ட நூலில், மேல்நாட்டு வேலையின்மைக் கருத்தை ஆசிய கிராமங்களின்மேல் ஏற்றுவது பொருந்தாது என்று வாதித்தார். பேராசிரியர் தாந்த்வாலா தலைமையிலான நிபுணர் குழு 1970-ல் தந்த அறிக்கை இந்த விஷயத்தில் ஒரு திருப்பம். தேசத்துக்கெல்லாம் ஒரே எண்ணைச் சொல்வது பயனற்றது. மாநிலம், கிராமம் நகரம், ஆண் பெண், கல்வி, பிராயம் ஆகியவற்றால் பிரித்துச் சொல்லவேண்டும் என்று அக்குழு வற்புறுத்தியது. அதன்படி 1972-73-ல் தேசிய மாதிரி ஆய்வின் 27-ஆவது சுற்று, ஆண்டு முழுவதும் பெரும்பாலும் என்ன செய்தார், சென்ற வாரத்தில் என்ன செய்தார், அவ்வாரத்தின் ஒவ்வொரு நாளிலும் அரைநாள் அரைநாளாக என்ன செய்தார் என்று மூன்று விதமாகக் கேட்டது. அதன் பிறகு ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறையாக 2011-12 வரையும், 2017 முதல் ஆண்டுதோறும் இந்த ஆய்வு நடந்து வருகிறது.

இவற்றையெல்லாம் தொடர்ந்து படித்துவந்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. இந்தியாவின் வேலையின்மை யௌவனத்தின் வேலையின்மை. ஏனெனில் காத்திருக்க முடிந்த பிராயம் அது ஒன்றே. மனைவி மக்கள் என்று குடும்பம் ஏற்பட்டுவிட்ட முப்பத்தைந்து வயதுக்காரன் வேலையில்லை என்று வீட்டில் உட்கார முடியாது. கிடைத்த கூலிக்குப் போகிறான், பெட்டிக்கடை வைக்கிறான், அண்ணன் நிலத்தில் ஓர் ஆளாய் இறங்குகிறான், கணக்கெடுப்பவர் அவனை வேலையுள்ளவன் பட்டியலில் எழுதிக்கொள்கிறார். இருபத்திரண்டு வயதுப் பட்டதாரிக்குத் தகப்பனார் சோறு போடுகிறார். ஆகவே அவனால் வேலை இல்லை என்று சொல்ல முடிகிறது. 1969-ல் இந்தியப் பட்டதாரிகளைப்பற்றி ஆராய்ந்த மார்க் பிளாக், ரிச்சர்ட் லேயார்டு, மாரீன் உட்ஹால் ஆகிய மூவரும், வேலையற்ற படித்தவர்களில் பெரும்பாலோர் முதல் வேலைக்காகக் காத்திருக்கும் இளைஞர்களே என்று கண்டார்கள். ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் அதுவே நிலை. 2017-18-ல் தேசமளாவிய வேலையின்மை நூற்றுக்கு 6.1, பதினைந்து முதல் இருபத்தொன்பது வயதினரில் 17.8. 2023-24-ல் முன்னது 3.2 ஆகவும் பின்னது 10.2 ஆகவும் இறங்கியது. ஆனால் இரண்டுக்கும் உள்ள தூரம், மும்மடங்கு என்ற அளவில், அப்படியே நின்றது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரில் வேலையற்றோர் நூற்றுக்கு 3.4, பட்டதாரி இளைஞரில் 29.1.

மொத்தத் தொகை இறங்கியதைக் கண்டு மகிழ்வதற்கு முன், எங்கே வேலை பெருகியது என்றும் பார்க்கவேண்டும். 2020-ல் ஊரடங்கு வந்தபோது நகரங்களிலிருந்து கால்நடையாக ஊர் திரும்பியவர்களை மண் ஏற்றுக்கொண்டது. 2018-19-ல் நூற்றுக்கு 42.5 ஆக இருந்த விவசாய உழைப்பாளர் பங்கு 2023-24-ல் 46.1 ஆக உயர்ந்திருக்கிறது. ஒரு நாடு முன்னேறுகையில் விவசாயத்தை விட்டு ஜனங்கள் வெளியே வருவதே உலக இயல்பாயிருக்க, இங்கே திரும்பிப் போயிருக்கிறார்கள். பெண்களில் உழைப்போரும் வேலை தேடுவோரும் சேர்ந்த பங்கு 2017-18-ல் 23.3 ஆக இருந்து 2023-24-ல் 41.7 ஆகியது பெரிய மாறுதல். ஆயினும் அவர்களில் கணிசமானவர்கள் குடும்ப நிலத்திலும் குடும்பக் கடையிலும் சம்பளமின்றி உதவுகிறவர்கள் என்பதை மறக்கலாகாது. வேலை உண்டு என்ற பட்டியலில் அவர்கள் பெயரும் இருக்கிறது. கையில் காசு இல்லை. வேலை இல்லை என்ற பட்டியலில் உள்ள இளைஞருக்குத் தமிழ்நாட்டில் 2006 முதல் உதவித்தொகை கொடுக்கிறார்கள். பதிந்து ஐந்தாண்டு காத்திருந்த பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், அதுவும் மூன்றாண்டுக்கு. இத்தொகையைப் பெறுவதற்கும் பெரும்பாலோருக்கு நாற்பது என்ற வயதுக்கோடு உண்டு.

வயோதிகரின் கதை இதற்கு நேர்மாறானது. ஓய்வு என்ற ஒன்று நம் நாட்டில் சர்க்காரிலும் பெரிய ஸ்தாபனங்களிலும் வேலை செய்த சிறுபான்மையோருக்கே உரியது. மத்திய சர்க்காரில் 55 ஆக இருந்த ஓய்வு வயதை 1962-ல் 58 ஆகவும் 1998-ல் 60 ஆகவும் உயர்த்தினார்கள். எதிர்த்திசையில் சென்றவர் என். டி. ராமராவ், 1983-ல் ஆந்திரத்தில் ஆட்சிக்கு வந்ததும், இளைஞருக்கு இடம் கொடுக்கவேண்டும் என்று காரணம் சொல்லி, 58-லிருந்து 55-க்கு ஒரே நாளில் இறக்கினார். பல்லாயிரம் ஊழியர் எதிர்பாராமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், வேலைநிறுத்தம் நடந்தது, வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. இளைஞரின் வேலையின்மையைக் கருதி அவ்வாறு செய்ய அரசுக்கு அதிகாரம் உண்டு என்று 1985-ல் தீர்ப்பு வந்தது. அதற்குள் அங்கே அரசியல் புரண்டு, வயது மறுபடி 58 ஆகிவிட்டது. கேரளத்தில் 2012-ல் 55-ஐ 56 ஆக்கியபோது இளைஞர் சங்கங்கள் தெருவில் இறங்கின. தகப்பனும் மகனும் ஒரே நாற்காலிக்காகப் போராட நேர்வது, நாற்காலிகள் குறைவாக இருக்கும் இடத்திலேதான்.

நாற்காலியே காணாத பெரும்பான்மைக்கு அறுபது என்பது ஓர் எண் மட்டுமே. கிராமத்தில் அறுபது கடந்த ஆண்களில் பாதிக்குமேல் இன்னும் உழைக்கிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. தமிழ்நாட்டில் 1962-லேயே முதியோர் உதவித்தொகை தொடங்கியது. மத்திய சர்க்கார் 1995-ல் தொடங்கியது. மத்திய சர்க்கார் தன் பங்காக அறுபது வயதினருக்குக் கொடுப்பது இன்றும் மாதம் 200 ரூபாய். தமிழ்நாடு அதன்மேல் சேர்த்து 1,200 ஆகக் கொடுக்கிறது. 2005-ல் பார்லிமெண்டு இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் பதினெட்டு என்ற கீழ்வரம்பு இருந்தது, மேல்வரம்பு ஒன்றும் வைக்கப்படவில்லை. நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியோடு கண்மாய்க் கரைக்கு வந்தவர்களில் நரைத்த தலைகள் அத்தனை இருந்ததற்கு அதுவே காரணம். வேறெந்த வாசலும் அவர்களுக்கு வயதைக் கேட்காமல் திறக்கவில்லை. இவர்களுக்கு வேலை இருக்கிறது, இருக்கவேண்டியது ஓய்வு. புள்ளிவிவரத்தில் வேலையின்மை மிகக் குறைவான பிராயம் இதுவே என்பதை நற்செய்தியாகக் கொள்பவர் இவர்களைப் பார்த்தறியாதவர்.

தமிழ்நாட்டில் 2020 மே மாதத்தில் அரசு ஊழியரின் ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆயிற்று. 2021 பிப்ரவரியில் 60 ஆயிற்று. தொற்றுக்காலத்தில் தேர்வுகள் நடவாமல் வயது கடந்து போனவர்களுக்காக, அதே ஆண்டு செப்டம்பரில் நேரடி நியமனத்துக்கான உச்ச வயதை ஈராண்டு தளர்த்தி 32 ஆக்கினார்கள். வெளியேற வேண்டியவர்கள் ஈராண்டு இருந்தார்கள். நுழைய வேண்டியவர்களுக்கு ஈராண்டு கூடுதலாகக் காத்திருக்க அனுமதி கிடைத்தது. 1877-78-ல் லாகூரிலும் சென்னையிலும் வரம்பை உயர்த்துங்கள் என்று கேட்டவர்களுக்கு எதிரே பதவிகள் இருந்தன, வயது தடையாயிருந்தது. இப்போது வயது தளர்ந்திருக்கிறது, பதவிகள் அதற்கேற்பப் பெருகவில்லை. 2022 ஜூலையில் தமிழ்நாடு சர்வீஸ் கமிஷன் நடத்திய நான்காம் தொகுதித் (குரூப் 4) தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம். அவர்களில் பட்டம் பெற்றவர்களும் மேற்பட்டம் பெற்றவர்களும் லட்சக்கணக்கானவர்கள். பத்தாம் வகுப்புத் தகுதியே போதுமென்று கூறிய இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் பதவிகளுக்கே அவர்கள் விண்ணப்பித்திருந்தார்கள்.